ஸ்பீக்கிங்கில் மட்டும் சி பிளஸ்

எழுதுவதில் பி, படிப்பதில் பி, கேட்பதில் பி, பேசுவதில் மட்டும் சி பிளஸ். முதல் தடவையும் இப்படித்தான், இரண்டாம் தடவையும் இப்படித்தான். தெரிந்தவர்களிடம் சொன்னால் ஆறுதல் சொல்வதற்குப் பதிலாகச் சிரித்தார்கள். "நீயா? பேச்சுலயா?" என்று கேட்டார்கள். எங்கள் வார்டில் என் வாய்க்குப் பயந்து சின்ன டாக்டர்கள் வேறு வழியாகச் சுற்றிப் போவார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பேச்சில் மார்க் போதவில்லை என்றால் எவன் நம்புவான்.

இது நர்ஸ்களுக்கென்றே தனியாக வைக்கிற ஆங்கிலப் பரீட்சை. நான்கிலும் பி வாங்கினால்தான் வெளிநாட்டில் நர்ஸ் என்று பதிவு செய்வார்கள். அங்கே ஒரு ஆஸ்பத்திரி எனக்கு வேலை தருவதாகச் சொல்லிவிட்டு இந்த ஒரு மார்க்குக்காகக் காத்திருந்தது. வருஷக் கடைசி வரை காத்திருக்கும், அதற்குமேல் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். என் வயதில் இன்னொரு அழைப்பு வரும் என்று நம்பிக்கொண்டிருக்க நான் அவ்வளவு பெரிய முட்டாள் இல்லை. அதனால் மூன்றாம் தடவைக்குப் பணம் கட்டிவிட்டு, கோச்சிங் சென்டர் ஒன்றில் போய் உட்கார்ந்தேன்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒழுகுகிற ஏசிக்குக் கீழே ஒரு பக்கெட், சுவரில் பாஸான பெண்களின் போட்டோக்கள். சொல்லிக்கொடுப்பவரை நாங்கள் எக்ஸாக்ட்லி சார் என்று அழைப்போம். சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் அந்த வார்த்தைதான் வரும். ஊர் ஊராக நர்ஸ்களை விமானம் ஏற்றிவிட்ட மனுஷர், தான் மட்டும் ஒரு தடவை கூட ஏறியதில்லை.

முதல் நாளே பேச்சுப் பரீட்சையை நடத்திக் காட்டினார். அதில் கையில் ஒரு அட்டை தருவார்கள். எதிரில் இருப்பவர் நோயாளி, நாம் நர்ஸ், ஐந்து நிமிஷம் பேச வேண்டும். எக்ஸாக்ட்லி சார் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு நோயாளி ஆனார். வயிற்றில் கட்டி, பயாப்ஸி ரிசல்ட் நாளைக்கு வர வேண்டும், ஆள் பயந்துபோயிருக்கிறார்.

"சிஸ்டர், கேன்சராக இருக்குமா?" என்று ஆங்கிலத்தில் நடுங்கிக்கொண்டே கேட்டார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டோன்ட் வொர்ரி. நத்திங். எல்லாம் சரியாகிவிடும்" என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லி, அவர் தோளையும் தட்டிக்கொடுத்தேன்.

அவர் ரெக்கார்டிங்கை நிறுத்தினார். "ரிசல்ட் வந்துருச்சா?"

"இல்ல சார். நாளைக்குத்தானே."

"அப்ப நத்திங்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சார். மனுஷன் பயந்துபோய்க் கேக்கறாரு, வேற என்ன சொல்றது?"

"எக்ஸாக்ட்லி. உங்க மார்க் இங்கதான் போகுது. இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்ல. ஆனா நீங்க இப்ப பேஷண்ட்கிட்ட பொய் சொல்லிட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பொய்யாம். இத்தனை வருஷமாக நான் செய்துவந்த வேலைக்கு இவர் வைத்த பெயரைப் பாருங்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி கேட்டால் "ஒண்ணும் இல்ல, சரியாயிடும்" என்போம். உண்மை என்பது உறவுக்காரர்களுக்கு உரியது. அதை லிஃப்ட் பக்கம் கூட்டிக்கொண்டு போய், மூத்த மகனிடமோ மருமகனிடமோ குரலைத் தாழ்த்திச் சொல்வோம். அவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குத் தெரிய வேணாம் சிஸ்டர்" என்பார்கள். நோயாளி கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தால் அக்குளில் இடுக்கிக்கொள்வோம். புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு ஊசி போடச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைச் சொல்லித் தருகிறோம்.

"அங்க அப்படி இல்ல" என்றார் எக்ஸாக்ட்லி சார். "அவங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு முதல்ல கேளுங்க. எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறாங்கன்னு கேளுங்க. உங்களுக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அவ்வளவுதான்."

சும்மா இருப்பதுதான் எனக்கு வராத வித்தை. இருந்தாலும் ரோஷம் வந்துவிட்டது. பழகினால்தானே வரும் என்று வார்டிலேயே முயற்சி செய்து பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் ஈரல் கெட்டுப்போன ஒரு வாத்தியார் இருந்தார். "எனக்கு என்னம்மா ஆச்சு, யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க" என்று ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தவர். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சொல்லித் தந்தபடியே தமிழில் பேசினேன். டாக்டர் சொல்லிவைத்திருந்ததை, அவர் கேட்ட அளவுக்கு மட்டும் சொன்னேன். அவர் அழவில்லை. ஒரு பேப்பரும் பேனாவும் கேட்டார். அவருடைய மகன் சாயங்காலம் வந்து வார்டையே இரண்டாக்கிவிட்டான்.

மேட்ரன் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அங்க போய் எவ்வளவு வேணா உண்மை பேசிக்க. இங்க சம்பளம் வாங்கற வரைக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லணும். புரியுதா?" என்றார். புரிந்தது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆக, இங்கே உண்மை சொன்னால் வேலை போகும், அங்கே சொல்லாவிட்டால் வேலை கிடைக்காது. நல்ல பிழைப்பு.

அதற்கப்புறம் எனக்குப் பழகக் கிடைத்த நோயாளி என் அப்பாதான். வேறு ஊரில் அம்மாவோடும் தம்பியோடும் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சை விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கு எதுக்கு ஆள் தேடற? நான் இல்லையா?" என்று போனிலேயே நோயாளி ஆகிவிட்டார். சாயங்காலமானால் அவரே கூப்பிடுவார். தேவையில்லாத இடத்தில் எல்லாம் இருமுவார். "சிஸ்டர், ஐ ஆம் வெரி ஃபியர்" என்பார். பின்னால் அம்மா, "நிஜமாவே இருமல் வந்துடப்போகுது, போதும்" என்று கத்துவது கேட்கும்.

அவருக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இதயம் பலவீனமாகி ரொம்ப நாளாகிவிட்டது. காலில் நீர் கோத்துக்கொள்ளும், வாசல் கேட் வரை நடந்தாலே மூச்சு வாங்கும். ரிப்போர்ட்டுகளைத் தம்பி எனக்கு மட்டும் அனுப்பிவைப்பான். அப்பாவிடம் வாயுத் தொல்லை என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

ஒருநாள் நடிப்புக்கு நடுவில் இருமலை நிறுத்திவிட்டு, "சரி, இப்ப நிஜமாவே கேக்கறேன். என் ஹார்ட் எப்படி இருக்கு?" என்றார்.

நான் பழக்கதோஷத்தில், "உங்கள் உடல்நிலையைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கேள்வி கேட்டா திருப்பிக் கேக்கற. நல்லாத் தேறிட்ட போ" என்று சிரித்தார். பிறகு, "தமிழ்ல சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். "ரத்தத்தைத் தள்ளற சக்தி ரொம்பக் குறைஞ்சுபோச்சுப்பா. மாத்திரையில ஓடிட்டிருக்கு. எவ்வளவு நாள்னு யாராலயும் சொல்ல முடியாது." சொல்லிவிட்டு, கற்றுக்கொண்டபடி சும்மா இருந்தேன். மார்க்குக்காக இல்லை. பேச முடியவில்லை.

"அப்படிச் சொல்லு" என்றார் அப்பா. "ரெண்டு வருஷமா இதைத்தான் கேட்டுட்டிருக்கேன். உங்கம்மாவும் உன் தம்பியும் டாக்டரும் சேர்ந்து வாயு வாயுன்னு சொல்லி எனக்கு இஞ்சியா ஊத்தறாங்க." பிறகு, "இங்க பாரு. நமக்குள்ள ஒளிவு மறைவு வேணாம். எனக்கு முடியாமப் போனா நானே கூப்பிட்டு உனக்குச் சொல்றேன். வேற யார் சொல்றதையும் நம்பாதே" என்றார்.

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் கூப்பிடாதவரை அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். எவ்வளவு சுலபமான கணக்கு பாருங்கள்.

பரீட்சைக்கு முந்தைய வாரம் என் வீட்டுக்காரர் திடீரென்று என் படிப்பில் அக்கறை காட்ட ஆரம்பித்தார். கூரியர் ஆபீஸில் லீவு போட்டார், சமையலைப் பார்த்துக்கொண்டார். "போன் இருந்தா நீ படிச்ச மாதிரிதான்" என்று என் போனை வாங்கி அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் அவர் போனிலிருந்து நானே ஊருக்குப் பேசினேன். முதல் நாள், "அப்பா இப்பத்தான் கண்ணசந்தார்" என்றாள் அம்மா. மறுநாள், "தொண்டை கட்டிக்கிச்சு, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள். அதற்கடுத்த நாள் தம்பி எடுத்தான். "வாக்கிங் போயிருக்கார்க்கா" என்றான்.

வாசல் கேட் வரை நடந்தால் மூச்சு வாங்குகிற மனுஷன் வாக்கிங் போயிருக்கிறாராம். நானும் "நல்லது, நடக்கட்டும்" என்று சொல்லி போனை வைத்தேன். இத்தனை வருஷம் இதே வேலையைச் செய்தவள் நான். எந்தக் குரல் எதை மறைக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பரீட்சை கிட்டத்தில் இருந்தது, நம்பினால்தான் படிக்க முடியும், அதனால் நம்பினேன்.

பரீட்சை நடந்த அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு ரெக்கார்டர். எதிரில் இருந்த பெண்மணிக்குக் குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது, ஸ்வெட்டரை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அட்டையைப் படித்தேன். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவரின் மனைவி அவர். கணவன் மறுபடி நடப்பாரா என்று நர்ஸிடம் கேட்க வந்திருக்கிறார்.

அந்தப் பெண்மணி நன்றாக நடித்தார். டோன்ட் வொர்ரி நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அப்படியே விழுங்கினேன். டாக்டர் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். எதைத் தெரிந்துகொண்டால் அவருக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டேன். நடப்பாரா என்பது இப்போது எனக்குத் தெரியாது, அப்படி ஒரு வாக்கை என்னால் தர முடியாது, ஆனால் ஒவ்வொரு நாளும் நடப்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்வேன் என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். ரெக்கார்டரின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை வாங்கிவிட்டோம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பாவைக் கூப்பிட்டு, நோயாளி வேஷத்துக்கு உங்களைவிட நல்ல ஆள் கிடைத்துவிட்டார் என்று வம்புக்கு இழுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் தாண்டினேன். வாடகைக் கார் ஒன்று நின்றது. பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையில் ஊருக்குப் போகிற பை. ஜிப் முழுசாக மூடாமல் என் பழைய புடவை ஒன்று தெரிந்தது. வெளுத்துப்போனது, விசேஷத்துக்குக் கட்டாதது.

"எப்படிப் பண்ணின?" என்றார்.

"என் போனைக் குடுங்க."

"கார்ல பேசிக்கலாம், ஏறு. ஒண்ணும் இல்ல, அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

கொஞ்சம் முடியவில்லை. நான் எத்தனை வீட்டுக்குப் போன் போட்டு இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைக்கு எங்கள் வார்டில் ஒரே ஒரு அர்த்தம்தான்.

"எப்போ?" என்றேன்.

அவர் கார் டிரைவரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம்" என்றார். "உனக்காகத்தான் எடுக்காம வெச்சிருக்காங்க."

காரில் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அப்பா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். மூச்சுத் திணறல். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, மேட்ரனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. "எல்லாம் உன் நல்லதுக்குத்தானே செஞ்சோம்" என்றார். காரை நிறுத்தச் சொல்லி அந்த மனுஷனை நடுரோட்டில் இறக்கிவிட வேண்டும் போலிருந்தது. ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

"அப்பா என்னைக் கூப்பிடறேன்னு சொல்லியிருந்தார். ஏன் கூப்பிடல?" என்றேன்.

"உங்கப்பாவேதான் சொல்லிட்டாராம். அவ பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் சொல்லாதீங்கன்னு."

அது மட்டும் உண்மையாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊர் போய்ச் சேரும்வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன். "அப்பா என்னைக் கேட்டாராம்மா?"

"எங்கம்மா கேட்டார்? கொண்டுபோய்ச் சேர்த்த அன்னைக்கே நினைவு தப்பிப்போச்சு. யாரையும் தெரியல. வேதனை தெரியாமத்தான் இருந்தார்" என்றாள்.

நினைவு தப்பிய மனுஷன் பரீட்சை முடியட்டும் என்று எப்படிச் சொன்னார்? மறுநாள் தம்பியை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கடைசி வரைக்கும் உன் பேருதான்க்கா சொல்லிட்டிருந்தார்" என்றான்.

"போன் கேட்டாரா?"

"போனெல்லாம்... இல்ல. கேக்கல. மாஸ்க் போட்டிருந்தாங்க."

"மாஸ்க் போட்டிருந்தா பேரு மட்டும் எப்படிடா சொன்னார்?"

"விடுக்கா. ஏன் போட்டு நோண்டற?" என்று அழ ஆரம்பித்தான். மூன்று பேரும் எனக்கு எது ஆறுதலாக இருக்கும் என்று தனித்தனியாக யோசித்து வைத்திருக்கிறார்கள். கலந்து பேசிக்கொள்ளத்தான் மறந்துவிட்டார்கள்.

ரிசல்ட் வந்தது. நான்கிலும் பி. பேச்சில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மார்க். எக்ஸாக்ட்லி சார் போட்டோ அனுப்பச் சொன்னார், சுவரில் ஒட்டுவதற்கு. வீட்டுக்காரர் ஸ்வீட் வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கடை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். தம்பி போனில், "பார்த்தியா, அன்னைக்குச் சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பியா?" என்றான். எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன், வேலையும் போயிருக்கும். அவன் சொல்வது சரிதான். அந்தச் சரிக்காக நான் அவனை மன்னிக்கவே போவதில்லை.

பயணத்துக்கு முன்னால் ஒருநாள் ஊருக்குப் போனேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது, நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்ததும் இதய வார்டுக்கு ஏறினேன். அப்பா போன அன்றைக்கு டியூட்டியில் இருந்த நர்ஸ் யார் என்று விசாரித்ததில், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார்கள். என்னைவிடச் சின்னவள், கண்ணுக்குக் கீழே கருவளையம். நானும் நர்ஸ்தான் என்று சொன்னேன். அப்பாவின் கட்டில் நம்பரைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றேன். "நாலு நாள் இருந்தார், சாயங்காலம் போயிட்டார். மிச்சத்தை நீங்க சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல, நான் தாங்கிக்குவேன். போன் வேணும்னு கேட்டாரா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அது இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது.

அவள் வண்டியில் இருந்த மாத்திரை அட்டைகளை நேராக அடுக்கினாள். பிறகு நிமிர்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கஷ்டமும் படல சிஸ்டர். தூக்கத்துலயே அமைதியாப் போயிட்டார். யாரையும் தேடல" என்றாள்.

குரலில் ஒரு பிசிறு இல்லை. கையை எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவுதான் அழுத்தினாள். தாமதமாக வந்து சேர்கிற மகள்களுக்கு நானும் இப்படித்தான் சொல்வேன், கையை இப்படித்தான் பிடிப்பேன். அவர்கள் என்னிடம் சொல்லுவதைத்தான் நானும் அவளிடம் சொன்னேன். "ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்."